சாங்கியிலிருந்து கென்னடிக்கு: ஐந்து முறை பறந்த பிறகு

2022-இல் பேத்தி பிறந்ததிலிருந்து ஐந்து முறை சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்குப் போய் வந்துவிட்டேன். ஐந்து முறையும் இடையில் எங்கும் இறங்காத நேரடி விமானம்தான். 'எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம்?' என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

தூரம் ஏறத்தாழ 15,350 கி.மீ. மணிக்கு 900 என்று வகுத்தால் 17 மணி நேரம் வரும். அட்டவணையிலோ பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் போட்டிருப்பார்கள். முதல் முறை எனக்கு இது புரியவில்லை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், மேலே ஏறுவதும், இறங்க வரிசையில் காத்திருப்பதும் அந்தக் கணக்கில் சேர்ந்தவை. இன்னொரு காரணம் காற்று. இரண்டு ஊர்களும் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால் மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டியே போகிறது. ஆனால் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று முதுகில் தள்ளினால், சுற்றிப் போவதே லாபம்; பறக்கும் தூரம்தான் கூடும். போகும்போது ஜப்பானைத் தாண்டிப் பசிபிக் வழியாகக் கிழக்கே போனேன். திரும்பும்போது பெரும்பாலும் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக மறுபடியும் கிழக்கேதான் வந்தேன். திரையில் அந்தச் சின்ன விமானப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், ஒரே பயணத்தில் உலகத்தைச் சுற்றி வந்திருக்கிறேன் என்பது உறைத்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

இந்த வழியில் பறக்கும், மிக நீண்ட தூரத்துக்கென்றே அமைத்த ஏ350-900 யுஎல்ஆர் விமானத்தில் மொத்தம் 161 இருக்கைகள்தான். சாதாரண வகுப்பே கிடையாது, அதனால் டிக்கெட் விலை கடிக்கும். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் தூரம் 1,100 கி.மீ. அளவில்தான் கூடும், ஆனால் இறங்கி ஏறும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு நாள் முழுதாகப் போய்விடும். தனியாகப் பயணம் செய்யும் வயதானவர்களுக்கு நேரடி விமானத்தையே சொல்வேன். இடையில் கால் நீட்டி நடந்தே ஆகவேண்டிய உடல்நிலை உள்ளவர்கள் மட்டும் ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் போகலாம். எனக்குக் கால் வீங்கி, இறங்கும்போது செருப்பு வாரை இரண்டு துளை தளர்த்த வேண்டியிருக்கும். மூன்றாவது பயணத்திலிருந்து இரண்டு மணிக்கொரு முறை எழுந்து நடக்கிறேன். இப்போது ஒரு துளையோடு நின்றுவிடுகிறது.

மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியது நேர வித்தியாசம். கோடையில் சரியாக 12 மணி நேரம், குளிர்காலத்தில் 13. கோடையில் கைக்கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். இங்கே காலை எட்டுக்குப் போடும் இரத்த அழுத்த மாத்திரை அங்கே இரவு எட்டு மணி மாத்திரை ஆகிவிடும். திரும்பும்போது வெள்ளி இரவு பத்தரைக்கு ஏறினால் ஞாயிறு விடியற்காலையில் சாங்கியில் இறங்குகிறோம். நாட்காட்டியில் சனிக்கிழமையே காணாமல் போய்விடும். மாத்திரை மட்டும் தவறுவதில்லை: வெள்ளி இரவு எட்டுக்கு மகள் வீட்டில் ஒன்று, ஞாயிறு காலை எட்டுக்கு என் வீட்டில் அடுத்தது.