நகருக்குள் வந்திருக்கும் ராட்டினத்தில் ஏறுமுன் கதவுக் கொளுக்கியைப் பாருங்கள்

மட்டக்களப்பு நகருக்குள் வந்து நிற்கிற ராட்டினத்துக்கு லீவு நாளில் பிள்ளைகளைக் கூட்டிப்போக இருப்பவர்கள் தயவுசெய்து இதை வாசித்துவிட்டுப் போங்கள். சனிக்கிழமை பின்னேரம் நானும் மனைவியும் ஏழு வயது மகளும் மாமியும் ஏறினோம். காசில் ஏமாற்றினார்கள், அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கதவு.

பெட்டியின் வாசலுக்குக் குறுக்கே ஒரு சங்கிலி, அதன் நுனியில் கொளுக்கி. கொளுக்கி கழலாமல் இருக்க ஒரு பின் போட வேண்டும். பின்னுக்கான துளை இருந்தது, பின் இல்லை. கட்டட வேலையில் இரும்புக் கம்பிகளைக் கட்டுகிற மெல்லிய கட்டுக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கி விட்டிருந்தார்கள். நான் இருபது வருடமாக வெல்டிங் வேலை செய்கிறவன். கட்டுக்கம்பியை முறுக்கி, அவிழ்த்து, திரும்ப முறுக்கினால் அந்த இடத்திலேயே அது முறியும். ஒரு இரவில் எத்தனை தடவை அந்த வாசலைத் திறந்து மூடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஏறும்போதே நான் பார்த்திருக்க வேண்டும். மகளின் சந்தோசத்தில் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

உச்சியில் நின்றபோது கல்லடிப் பாலம், கோட்டை மதில், வாவிக்கு அங்கால் கடல் எல்லாம் தெரிந்தன. மகள் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று, “அப்பா, இது கழலுதே” என்றாள். முறிந்த கம்பித் துண்டு அவள் விரலில் இருந்தது. கச்சான் காற்று வேறு, பெட்டி ஆடுகிறது. அவளை இழுத்து மடியில் இருத்தி, மற்றக் கையால் சங்கிலியைப் பிடித்தேன். கீழே இறங்கும் வரை அந்தக் கையை எடுக்கவில்லை. மாமி கண்ணை மூடிக்கொண்டு மாமாங்கப் பிள்ளையாரைக் கூப்பிட்டபடியே இருந்தார்.

ஆட்களை ஏற்றிய விதமும் பிழை. ராட்டினத்தில் ஒரு பெட்டியை நிரப்பினால் அடுத்ததாக அதற்கு நேர் எதிரே உள்ள பெட்டியை நிரப்புவார்கள். அப்போதுதான் இரண்டு பக்கமும் பாரம் சமமாக இருக்கும், மோட்டார் திணறாது. இங்கே வரிசையில் வந்தவர்களை வந்தபடியே அடுத்தடுத்த பெட்டிகளில் ஏற்றினார்கள். ஒரு பக்கம் முழுக்க ஆள், மறுபக்கம் வெறும் பெட்டி. சக்கரத்தை நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் அது பின்னால் நழுவிப் பிறகுதான் நின்றது.

இனிக் காசு. பலகையில் “10 நிமிடம், ஒருவருக்கு 400 ரூபாய்” என்று பெரிதாக எழுதியிருக்கிறது. நாங்கள் ஏறியது மூன்றாவது பெட்டி. பன்னிரண்டு பெட்டியும் நிரம்பும் வரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தி நிறுத்தினார்கள். உண்மையாகச் சுற்றியது நாலே சுற்று. மனைவி போனில் நேரம் பார்த்திருந்தார், மூன்று நிமிடம்கூட இல்லை. கேட்டதற்கு, “நீங்க ஏறி இருந்ததிலிருந்து கணக்கு அண்ணே” என்றான் ஆட்களை ஏற்றிய தம்பி. 1893இல் சிக்காகோ கண்காட்சியில் ஃபெரிஸ் என்ற பொறியியலாளர் நிறுத்திய முதல் ராட்சத ராட்டினம் 264 அடி உயரம். அங்கே 50 சதம் கொடுத்தவருக்கு இரண்டு சுற்று. முதல் சுற்றில் ஆள் ஏற்றி இறக்க ஆறு இடத்தில் நிறுத்துவார்கள், இரண்டாவது சுற்று ஒன்பது நிமிடம் நிற்காமல் ஓடும். ஏற்றுகிற நேரம் வேறு, சுற்றுகிற நேரம் வேறு என்று அன்றைக்கே பிரித்து வைத்திருந்தார்கள்.

2000 ரூபாய்த் தாள் கொடுத்தேன். மிச்சம் 400ஐ, “சில்லறை இல்ல, இறங்கிப் போகக்குள்ள வாங்குங்க” என்றார்கள். இறங்கி வந்தால் டிக்கெட் மேசையில் வேறு ஆள். அவருக்கு ஒன்றும் தெரியாதாம். எனக்குப் பின்னால் ஒரு அக்காவும் அதே மிச்சக் காசுக்காக நின்றுகொண்டிருந்தார். டிக்கெட்டில் இலக்கமும் இல்லை, மாநகர சபையின் முத்திரையும் இல்லை. எதை வைத்து வாதாடுவது?

பொறுப்பாளரிடம் முறிந்த கம்பியைக் காட்டினேன். “ஒரு கரைச்சலும் இல்ல, இவ்வளவு நாளும் ஒண்டும் நடக்கல்லையே” என்றார். என் கண்ணுக்கு முன்னாலேயே அந்தப் பையன் அதே பெட்டிக்குப் புதுக் கம்பியைச் சுற்றி இரண்டு சின்னப் பிள்ளைகளை ஏற்றினான். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையாகக் கோபம் வந்தது. வரிசையில் நின்றவர்களுக்குச் சத்தமாகச் சொன்னேன். சிலர் விலகினார்கள், சிலர் என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

கம்பித் துண்டையும் போனில் எடுத்த படங்களையும் வைத்து எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் டிக்கெட் துண்டை எறிய வேண்டாம். காசு விஷயத்துக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள். சரியான காசாகக் கொண்டுபோங்கள்.

அடுத்ததாகக் கல்முனைப் பக்கம் போகப்போவதாக அங்கே நின்ற பையன்கள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள், பெட்டியில் இருந்தவுடன் சங்கிலியைக் கையால் இழுத்துப் பாருங்கள். கொளுக்கியில் பின் இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பி இருந்தால், 400 ரூபாய் போனாலும் பரவாயில்லை, சக்கரம் நகருமுன் பிள்ளையை இறக்கிவிடுங்கள்.