ஜி29 வீலும் பட்டறை ஸ்டாண்டும்: லீக் ரேஸுக்குத் தாங்குமா?

கணினியில் கார் ரேஸ் ஓட்டும் ஆன்லைன் லீக்கில் அணியாக இறங்கலாம் என்று நினைக்கும் சேலத்துப் பையன்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: லாஜிடெக் ஜி29 ஸ்டீயரிங் வீல் செட் போதுமா, கடன் வாங்கியாவது மோட்டார் தண்டிலேயே ஸ்டீயரிங் உட்காரும் டைரக்ட் டிரைவ் வீலுக்குப் போகணுமா? வீல் போதும். போதாதவை இரண்டு: கூட வரும் பிரேக் பெடல், வீலை மாட்டுகிற மேசை. கையில் காசு இருந்தால் மோட்டாரில் கொட்டாமல் இந்த இரண்டில் போடுங்கள்.

ஜி29 வந்தது 2015-ல். 900 டிகிரி சுற்றும். இரண்டு மோட்டார், சாய்பல் கியர். ஸ்டீயரிங்கில் கிடைக்கும் விசை 2 நியூட்டன் மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். மோசா ஆர்5 மாதிரி டைரக்ட் டிரைவில் 5.5 கிடைக்கும். பின் டயர் வழுக்குவது ஒரு நொடிப் பங்கு முன்னாலேயே கைக்குத் தெரியும் என்பது உண்மை. ஆனால் புது அணிகள் தோற்பது அங்கே இல்லை.

2008-லிருந்து ஓடும் ஐரேசிங் என்ற ஆன்லைன் ரேஸ் கேமின் தப்புப் புள்ளிக் கணக்கைப் பார்த்தாலே விளங்கும். ரோட்டை விட்டு இறங்கினால் 1, கார் சுழன்றால் 2, இன்னொரு காரை பலமாக இடித்தால் 4. புதுசாக வருபவரின் ரூக்கி லைசென்ஸ் 2.50 சேஃப்டி ரேட்டிங்கில் (தப்பில்லாமல் ஓட்டினால் ஏறும் மதிப்பெண்) தொடங்கும், 3.00-ஐத் தொட்டால்தான் அடுத்த படி. டிரைவர் மாற்றி ஓட்டும் அணி ரேஸில் எல்லோருடைய புள்ளியும் ஒரே கணக்கில் ஏறும். நான்கு பேரில் ஒருவர் பிரேக்கைப் பத்து மீட்டர் தள்ளி மிதித்தால் மற்ற மூன்று பேரும் சேர்ந்து கட்ட வேண்டும். அவரை ஓரமாக உட்கார வைக்கவும் முடியாது: ஒவ்வொருவரும் சமப் பங்கில் கால் பங்கு லேப்பாவது ஓட்டியே ஆக வேண்டும். முதல் வளைவில் நடக்கும் முட்டல் மோதலில் பெரும்பாலானவை பிரேக்கால் வருபவை, ஸ்டீயரிங்கால் அல்ல.

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது இருபது கொண்டை ஊசியிலும் கால் நம்புவது அழுத்தத்தை. பிரேக் சூடேறினால் பெடல் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். எவ்வளவு அழுத்தினால் வண்டி நிற்கும் என்பதைக் கால் கணக்குப் போட்டுக்கொள்ளும். ஜி29 பெடல் அளப்பது தூரத்தை. உள்ளே ஒரு பொட்டென்ஷியோமீட்டர், பெடல் எத்தனை டிகிரி சாய்ந்தது என்று மட்டும் சொல்லும். பிரேக்கில் சுருள் வில்லுக்குள் ஒரு ரப்பர் கட்டியும் உண்டு. முக்கால்வாசி தூரம் வில், அதன் பிறகு ரப்பர். அந்த இடத்திற்கு வந்ததும் பெடல் சுவரில் முட்டியது போல நிற்கும். பலர் ரப்பரைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். எறிந்தால் பிரேக் ஆக்ஸிலேட்டர் மாதிரி வழவழவென்று போய்விடும், டயர் லாக் ஆகும்.

கழற்றத் தேவையில்லை. கேமில் பெடலைக் கேலிப்ரேட் செய்யும்போது உயிரைக் கொடுத்து மிதிக்காமல், ரேஸில் எவ்வளவு பலமாக மிதிப்பீர்களோ அவ்வளவு மட்டும் மிதித்து அதை நூறு சதவீதமாகப் பதியுங்கள். அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே என்ற ரேஸ் கேமில் பிரேக் காமா என்ற செட்டிங்கைக் கொஞ்சம் ஏற்றினால் முதல் பாதி மெதுவாகப் பிடிக்கும். இதற்கு மேல் வேண்டுமென்றால் அழுத்தத்தை அளக்கும் லோட் செல் பிரேக்தான். அதை ஜி29-க்கு மேல் போடும் முதல் செலவாக வைத்துக்கொள்ளுங்கள், புது வீலை அல்ல.

இந்த பிரேக்கை மேசைக்கு அடியில் தரையில் வைத்து உருளும் ஆபீஸ் சேரில் உட்கார்ந்து மிதித்தால் சேர் பின்னால் ஓடும், பெடல் முன்னால் ஓடும். அதனால் ஸ்டாண்ட். சூரமங்கலமோ கொண்டலாம்பட்டியோ, தெருவுக்கு ஒரு கிரில் பட்டறை இருக்கும் ஊரில் இதை ஆன்லைனில் வாங்குவது வீண் செலவு. இரும்பாலை ஊர்தானே, எவர்சில்வரில் அடிக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம், சாதா இரும்பே போதும், நினைத்த இடத்தில் திரும்ப ஓட்டை போட்டுக்கொள்ளலாம்.

கேட்க வேண்டியது 40-க்கு 40 மி.மீ. ஸ்கொயர் டியூப், 2 மி.மீ. கனம். ஜன்னலுக்குப் போடும் மெல்லிய டியூபை எடுத்தால் பிரேக் மிதிக்கும்போது பெடல் தட்டு வளைவது கண்ணுக்கே தெரியும். 20 அடி லெங்த் இரண்டு வாங்கினால் மிச்சமாகும். பெடலுக்கும் வீலுக்கும் 5 மி.மீ. தகடு. சீட்டுக்குப் பழைய கார் உதிரிக் கடையில் கிடைக்கும் முன் சீட், அது முன்பின் நகரும் தண்டவாளத்தோடு எடுங்கள். அணியில் உயரமானவரும் குட்டையானவரும் ஒரே ஸ்டாண்டில் மாறி உட்கார அந்தத் தண்டவாளம்தான் வழி.

வீலைப் பட்டறைக்குத் தூக்கிப் போகாதீர்கள், கிரைண்டர் தூள் உள்ளே இறங்கிவிடும். சார்ட் பேப்பரில் அடிப்பாகத்தை வைத்துக் கோடு இழுத்து, போல்ட் ஓட்டைகளில் மை தொட்டு அச்சு எடுத்துப் போங்கள். அடியில் எம்6 மரை இருக்கிறது. போல்ட்டை முதலில் கையால் திருகி எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்து, தகட்டின் கனத்தைக் கூட்டி, அதில் 2 மி.மீ. குறைத்து நீளம் எடுங்கள். நீளமான போல்ட்டை ஸ்பேனர் போட்டு முடுக்கினால் மரை உரிந்துவிடும்.

சட்டத்தை முதலில் எல்லா மூலையிலும் டாக் (சின்னப் புள்ளி வெல்டிங்) மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் முழுதாக வெல்டிங் ஓட்டிவிட்டு மறுபக்கம் வந்தால் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும், தரையில் மூன்று கால்தான் தொடும். வீல் நிற்கும் தூணை வெல்டிங் வைக்காமல் 25 மி.மீ. இடைவெளியில் மூன்று ஓட்டை போட்டு போல்ட்டில் நிறுத்துங்கள். "கேட் மாதிரி அடிச்சுடாதீங்கண்ணா, ஆடவே கூடாது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால், மூலைக்கு மூலை முக்கோணத் தகடு வைத்துக் கொடுப்பார்கள். ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்த பிறகு பெயின்ட்.

செட்டிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லாஜிடெக்கின் ஜி ஹப் மென்பொருளில் 900 டிகிரி, கேமிலும் 900. ஃபெராரி 488-க்கு 480, போர்ஷே 911-க்கு 800 என்று காருக்குக் கார் மாறுவதை காம்பெடிசியோனே தானே பார்த்துக்கொள்ளும். வீலின் நடுவில் கியர் இடைவெளியால் ஒரு செத்த இடம் இருக்கும், கேமில் மினிமம் ஃபோர்ஸ் என்ற செட்டிங்கைக் கொஞ்சம் ஏற்றினால் மறையும். அதிகம் ஏற்றினால் நேர்கோட்டிலேயே வீல் கடகடக்கும். அந்தச் சத்தம் ராத்திரி பதினொரு மணிக்கு அடுத்த அறைக்குக் கேட்கும், சொல்லிவிட்டோம்.

பழையது வாங்கினால் இரண்டு சோதனை. விண்டோஸ் கணினியின் ரன் பெட்டியில் ஜாய் டாட் சிபிஎல் (joy.cpl) என்று அடித்துத் திறந்து, பெடலை மெதுவாக அழுத்துங்கள். திரையில் பெடலைக் காட்டும் பட்டை நடுங்கினால் பொட்டென்ஷியோமீட்டரில் தூசி. பெடல் பெட்டியைத் திறந்து கான்டாக்ட் கிளீனர் அடித்து, முப்பது தடவை மிதித்தால் பெரும்பாலும் சரியாகும். அடுத்து வீலைப் பத்து நிமிடம் முரட்டுத்தனமாக இடவலம் சுழற்றி நடுவுக்குக் கொண்டு வாருங்கள். திரையில் நடு தள்ளிப் போயிருந்தால் மோட்டார் தண்டில் இருக்கும், சுழற்சியை அளக்கும் என்கோடர் பிளாஸ்டிக் தட்டு விரிசல் விட்டிருக்கலாம். விலை பாதியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள், பிரித்துப் பழகியவராக இல்லாவிட்டால்.

கடைசியாகக் கரண்ட். ஜி29 அடாப்டர் 24 வோல்ட். மின்சாரம் போய் வந்தால் வீல் தானாகவே இரு பக்கமும் முழுதாகச் சுற்றி அளவெடுக்கும். அந்த நேரம் ஆரங்களுக்குள் விரல் இருக்கக் கூடாது. வீட்டு இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடு பொத்தான் இருந்தால் அதில் வையுங்கள். சாதா மோடில் மாறும் இடைவெளியில் கணினி அணைந்து எழும். ரவுட்டருக்குத் தனியாக ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ். வைஃபை வேண்டாம், லேன் கேபிள். 2023 ஜனவரியில் வெர்ச்சுவல் லெ மான்ஸ் ஆன்லைன் ரேஸில் முன்னணியில் ஓடிய ஃபார்முலா 1 சாம்பியன் வெர்ஸ்டாப்பனுக்கே இணைப்பு அறுந்து ரேஸ் போனது. அங்கே கோளாறு அவர் வீட்டில் இல்லை. இங்கே மழைக்காலத்தில் பெரும்பாலும் நம் வீட்டில்தான்.