சுங்கை சிப்புட்டில் ஒரு கிறிஸ்தவ வாசிப்பறை: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

அப்போஸ்தலர் நடபடிகளின் 28ஆம் அதிகாரத்தில், பவுல் ரோமாபுரியில் தாம் வாடகைக்கு வாங்கிய வீட்டில் இரண்டு வருடம் தங்கி, தம்மிடம் வந்த அனைவரையும் ஏற்றுக்கொண்டார் என்ற செய்தியோடு வரலாறு நின்றுவிடுகிறது. ஞாயிறு பள்ளியில் இதைப் பலமுறை படித்த எனக்கு, அதற்குப் பிறகு அந்தச் சபைகள் என்னவாயின, அவற்றில் இருந்தவர்கள் என்ன எழுதினார்கள் என்று சொல்லித் தருவார் யாரும் இல்லை. எங்கள் வீட்டுப் பேச்சில் சபை வரலாறு பவுலிடமிருந்து நேராக 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்குவிடம் போய்விடும். நடுவில் இருந்த 1,600 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலம் எனக்கு இருட்டாகவே கிடந்தது. பேராக் மாநிலத்தின் இந்தத் தோட்டப்புற நகரில், தேவாலயம் ஒன்றின் பின்கட்டில் இயங்கும் சிறிய வாசிப்பறைதான் அந்த இருட்டில் எனக்கு முதல் விளக்கை ஏற்றியது. ஓராண்டாக அதன் உறுப்பினராக இருந்து பெற்றதையும், குறையாகக் கண்டதையும் இங்கே எழுதுகிறேன். அறையை நடத்தும் ஐயா தம் பெயரும் சபையின் பெயரும் வெளியே வருவதை விரும்பவில்லை. ஆனால் நகரில் தமிழ்க் கிறிஸ்தவர் எவரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள்.

அறை வியாழக்கிழமை மாலை ஆறு முதல் ஒன்பது வரையும், ஞாயிறு ஆராதனைக்குப் பின் இரண்டு மணி நேரமும் திறந்திருக்கும். ஆண்டுச் சந்தா 12 வெள்ளி, முன்பணம் கிடையாது. ஒரு தடவைக்கு இரண்டு நூல்களை எடுத்துச் சென்று நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம். நான்கு இரும்பு அலமாரிகள், ஒரு நீள மேசை, இரண்டு மின்விசிறிகள், பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், இவ்வளவுதான் அறை. பல நூல்கள் அச்சிட்டவை அல்ல. தமிழ்ப்பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா, ஆங்கிலப் பதிப்புகளைப் பார்த்துத் தாமே மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்து, நகலெடுத்து, பழுப்புத் தாள் அட்டை போட்டு வைத்திருக்கும் கட்டுகள் அவை.

இங்கே வருவதற்கு முன் இணையக் கடை ஒன்றில் ‘ஆதித் திருச்சபைப் பிதாக்கள்’ என்று விற்ற தமிழ் நூல் ஒன்றை 70 வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கினேன். பக்கத்துக்குப் பக்கம் வினைச்சொல் இல்லாத வாக்கியங்கள், எழுவாய்க்கும் பயனிலைக்கும் தொடர்பில்லாத தொடர்கள். எந்த மனிதரும் அதைப் படித்துப் பார்த்து அச்சுக்கு அனுப்பியிருக்க மாட்டார். திருப்பி அனுப்பக் கேட்டதற்குப் பதிலே வரவில்லை. அந்த அனுபவத்தோடு வந்தவனுக்கு ஐயாவின் கட்டுகளில் முதல் பக்கத்தைப் புரட்டியபோதே, ஒரு வாக்கியத்தைத் தமிழில் நிற்கவைக்க ஒருவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார் என்பது தெரிந்தது.

முதலில் அவர் எனக்குக் கொடுத்தது ‘டிடாக்கே’ என்னும் ‘பன்னிரு அப்போஸ்தலரின் போதனை’. “தம்பி, இதிலிருந்து தொடங்குங்கள், பதினாறு சிறிய அதிகாரங்கள்தான், ஆனால் அவசரப்படாதீர்கள்” என்றார். இந்த நூலின் பெயரைப் பழைய ஆசிரியர்கள் குறிப்பிட்டிருந்தாலும் முழுப் பாடம் நெடுங்காலம் கிடைக்காமல் இருந்தது. பிலோத்தியோஸ் பிரையென்னியோஸ் என்ற கிரேக்க ஆயர், 1056ஆம் ஆண்டு படியெடுக்கப்பட்ட ஒரு கையெழுத்துச் சுவடியில் அதை 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுத்து, பத்தாண்டு கழித்து 1883இல் வெளியிட்டார். ஆயினும் நூலின் உள்ளடக்கம் கிறிஸ்தவத்தின் மிகத் தொடக்க காலத்தைச் சேர்ந்தது என்பதே அறிஞர் பலரின் கருத்து.

இதில் பெரிய இறையியல் விவாதம் எதுவும் இல்லை. ஒரு சிறிய சபை நாள்தோறும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதே பேச்சு. ஓடும் தண்ணீரில் ஞானஸ்நானம் கொடுங்கள். அது இல்லையென்றால் வேறு தண்ணீரில். குளிர்ந்த நீர் கிடைக்காவிட்டால் வெந்நீரில். இரண்டும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றுங்கள். புதன், வெள்ளி நாள்களில் உபவாசம் இருங்கள். பரமண்டல ஜெபத்தை ஒரு நாளைக்கு மூன்று வேளை சொல்லுங்கள். ஊருக்கு வருகிற அப்போஸ்தலனை ஆண்டவரைப் போல ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அவன் ஒரு நாள், தேவையானால் இரண்டு நாள்தான் தங்க வேண்டும், மூன்றாம் நாளும் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது பணம் கேட்டாலும் கள்ளத் தீர்க்கதரிசி. வழிப்போக்கன் ஊரிலேயே குடியிருக்க விரும்பினால் அவன் உழைத்துச் சாப்பிடட்டும். “யாருக்குக் கொடுக்கிறாய் என்று அறியும்வரை உன் தருமம் உன் கைகளில் வியர்க்கட்டும்” என்றும் ஒரு வரி வருகிறது. செம்பனை ஆலை அலுவலகத்தில் கணக்கு எழுதும் நான், வெளியூரிலிருந்து வந்து எழுப்புதல் கூட்டம் நடத்தி, தோட்டத்து ஜனங்களிடம் காணிக்கை திரட்டிக்கொண்டு போன எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். எங்கள் கேள்விகளை இவ்வளவு நேராக யாரோ பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கேட்டு முடித்திருக்கிறார்கள் என்பது என்னை அன்று இரவு வெகுநேரம் தூங்கவிடவில்லை.

அதே நூலின் ஒன்பதாம் அதிகாரத்தில் அப்பத்தின் மேல் சொல்லும் ஜெபம் இருக்கிறது: பிட்கப்பட்ட இந்த அப்பம் மலைகளின் மேல் சிதறிக் கிடந்து, பின் சேர்க்கப்பட்டு ஒன்றானதுபோல, உமது சபையும் பூமியின் கடையாந்தரங்களிலிருந்து சேர்க்கப்படுவதாக. ஐயாவின் தட்டச்சுப் படியில் இந்த வரியின் ஓரத்தில், நீல மையில், அவர் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் பெயரும் அதை விற்ற ஆண்டும் எழுதப்பட்டிருக்கின்றன. வேறு விளக்கம் இல்லை. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது லயத்து வீடுகளிலிருந்து ஈப்போவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் கோலாலம்பூருக்கும் சிதறிப்போன குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். எங்களுடையதும் அதில் ஒன்று.

குறைகளில் எனக்கு மிகவும் பாதகமாக இருந்தது பதிவேடு. ஆசிரியர் பெயர்களைப் பல ஆண்டுகளாகப் பலர் பல விதமாக எழுதியிருக்கிறார்கள். நான் அந்தியோக்கியாவின் ஆயர் இக்னேஷியஸைத் தேடினேன். ரோமுக்குக் கைதியாகக் கொண்டுபோகப்பட்ட வழியில் ஏழு நிருபங்கள் எழுதியவர் அவர். தம்மைக் காவல் காத்த பத்துப் போர்வீரர்களைச் சிறுத்தைகள் என்று சொன்னவர். தம்மைக் காப்பாற்ற முயல வேண்டாம் என்று ரோமச் சபையைக் கெஞ்சி, “நான் தேவனுடைய கோதுமை” என்று எழுதியவர். பதிவேட்டில் ‘புனித இஞ்ஞாசியார்’ என்றிருந்ததை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், அது லொயோலா இஞ்ஞாசியாரின் தியானப் பயிற்சிகள். இவர் 1491இல் பிறந்த ஸ்பானியர், சேசு சபையை நிறுவியவர். இருவருக்கும் இடையே ஏறக்குறைய 1,400 ஆண்டுகள். என் அறியாமையும் இதில் உண்டு என்றாலும், பெயருக்குப் பக்கத்தில் ஊரையும் நூற்றாண்டையும் எழுதியிருந்தால் நான்கு வாரம் வீணாகியிருக்காது. இதை நான் சொன்ன பிறகு ‘இ’ வரிசை மட்டும் திருத்தப்பட்டது. மற்ற வரிசைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது தமிழில் நமக்குள்ள இரட்டை வழக்கு. கத்தோலிக்கரின் பழைய நூல்களில் பேதுரு இராயப்பர், பவுல் சின்னப்பர், யோவான் அருளப்பர். சீர்திருத்தச் சபையில் வளர்ந்த எனக்கு முதல் வாரம் யார் யாரென்றே பிடிபடவில்லை. ஆனால் இந்த இடத்தில் அறை தன் கடமையைச் செய்திருக்கிறது: அத்தகைய நூல் ஒவ்வொன்றின் முன்னட்டை உட்புறத்திலும் இரு வழக்குப் பெயர்களையும் எதிரெதிரே எழுதிய ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. இரு சபையாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்க முடிவதற்கு அந்த ஒரு தாள் செய்யும் உதவி பெரிது.

வாசிப்பறையின் உயிர் வியாழக்கிழமை கூட்டு வாசிப்பு. ஏழரை மணிக்கு ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள், விரும்பியவர் இடையில் நிறுத்தலாம். இந்த எழுத்துகளில் பெரும்பாலானவை கடிதங்கள். ஒரு சபை இன்னொரு சபைக்கு அனுப்பி, அங்கே கூட்டத்தில் வாசிக்கப்பட்டவை. கொரிந்துச் சபைக்கு ரோமிலிருந்து போன கிளெமெந்தின் நிருபத்தை வீட்டில் தனியே படித்தபோது நீளமாகவும் சலிப்பாகவும் இருந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து கேட்டபோதுதான், சண்டை போட்டுப் பிரிந்து நின்ற ஒரு கூட்டத்தாரைக் கைப்பிடித்து அழைக்கும் குரல் அதில் இருப்பது எனக்குக் கேட்டது.

கடந்த ஆண்டு தவக்காலத்தில் பெர்பெத்துவாவின் சிறைக் குறிப்புகளை வாசித்தோம். 203ஆம் ஆண்டு வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டபோது அவளுக்கு வயது இருபத்திரண்டு அளவில் இருக்கும். கையில் பால்குடி மறவாத குழந்தை. ஒரு பெண் தன் கையாலேயே எழுதியதாக அந்தக் காலத்திலிருந்து நமக்குக் கிடைத்திருக்கும் மிகச் சில எழுத்துகளில் இது ஒன்று. விசுவாசத்தை விட்டுவிடும்படி மன்றாடும் தகப்பனிடம், அங்கே இருந்த ஒரு பாத்திரத்தைக் காட்டி, இதை இதன் பெயரால் அல்லாமல் வேறு பெயரால் அழைக்க முடியுமா என்று அவள் கேட்கிறாள், முடியாது என்கிறார், அப்படியே நானும் நான் எதுவோ அதையல்லாமல் வேறொன்றாக என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது என்கிறாள். நாங்கள் எல்லாரும் அந்த இடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, முப்பது வருடம் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த பெரியம்மா ஒருவர் வேறொரு பத்தியைத் திரும்பப் படிக்கச் சொன்னார். பசியால் சோர்ந்த குழந்தையைச் சிறைக்குள் கொண்டுவந்து கொடுத்ததும், அந்தச் சிறை தனக்கு அரண்மனை ஆகிவிட்டது என்று பெர்பெத்துவா எழுதும் இடம் அது. விடியற்காலையில் தோட்டத்து ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகும்போது பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, மார்பில் பால் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடந்ததை அவர் சொன்னார். “அந்தப் பொண்ணு எழுதினது பொய்யில்லப்பா” என்றார். நான் படித்த எந்த விளக்கவுரையும் அந்தப் பத்தியை அந்த அளவுக்கு எனக்குத் திறந்து காட்டவில்லை.

பக்தி நூல்களின் அலமாரி வேறு தரம். வீரமாமுனிவரின் தேம்பாவணி 3,615 பாடல்களோடு நல்ல உரைப்பதிப்பாக இருக்கிறது. யோசேப்பை ‘வளன்’ என்று அவர் தமிழாக்கியிருப்பதைக் கண்டபோது, இத்தாலியிலிருந்து வந்த ஒருவர் நம் மொழிக்குள் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறார் என்று வியந்தேன். எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம், 1894இல் வந்த நூல், உரையில்லாமல் இருக்கிறது; என்னைப் போன்றவர்களுக்கு உரை வேண்டும். தாமஸ் அ கெம்பிஸின் ‘கிறிஸ்துவைப் பின்பற்றுதல்’ என்னும் நூலை நான் இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் நிறுத்திவிட்டேன். மடத்துத் துறவிகளுக்காக எழுதப்பட்ட அதன் கண்டிப்பு, மனைவி மக்களோடு வாழ்பவனுக்கு வேறு ஒரு துணையோடுதான் உள்ளே போகும் என்று நினைக்கிறேன். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் மடத்துச் சமையலறையில் வேலை செய்த சகோதரர் லாரன்ஸின் சிறு நூல் எனக்கு அந்தத் துணையாக இருந்தது. பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும் தேவனோடு இருக்க முடியும் என்பதை அவர் செய்து பார்த்துச் சொல்கிறார்.

மூன்றாவது அலமாரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை அவசியம். ‘மறைக்கப்பட்ட சுவிசேஷங்கள்’ என்று பரபரப்பாகத் தலைப்பிட்ட துண்டு நூல்கள் சில, ஆதிச் சபையின் நிருபங்களுக்குப் பக்கத்திலேயே எந்தக் குறிப்பும் இல்லாமல் வைக்கப்பட்டிருக்கின்றன. 1945இல் எகிப்தில் நாக் ஹம்மாடியில் மண்ஜாடிக்குள் கிடைத்த, வேதாகமத்தில் சேராத இத்தகைய சுவிசேஷங்கள் சில அடங்கிய சுவடிகளை அறிந்துகொள்வது நல்லதே. ஆனால் அவற்றின் காலம் என்ன, எந்தக் குழுவினர் படித்தார்கள் என்ற விவரம் இல்லாமல் புதிய வாசகர் கையில் அவை போனால் குழப்பமே மிஞ்சும். ஒவ்வொரு நூலிலும் பத்து வரியில் ஒரு முன்னுரை ஒட்டினால் போதும். மழைக்காலத்தில் பின்சுவர் ஓதமேறி, கீழ்த்தட்டு நூல்களில் பூஞ்சை பிடிப்பதையும் உடனே கவனிக்க வேண்டும். நகலெடுத்த தாள்கள் அச்சு நூல்களைவிடச் சீக்கிரம் கெடும்.

இப்போது வியாழக்கிழமைகளில் சபைப் பிதா அகுஸ்தீன் தம் வாழ்க்கையைச் சொல்லும் ‘அறிக்கைகள்’ நூலின் இரண்டாம் புத்தகம் நடக்கிறது; பதினாறு வயதில் நண்பர்களோடு பேரிக்காய் திருடிப் பன்றிகளுக்கு எறிந்த கதை. புதிதாக வருகிறவர்கள் முதல் புத்தகத்தைப் படிக்காமலும் உட்காரலாம். ஐயா ஐந்து நிமிடத்தில் முன்கதை சொல்லிவிடுவார். பெர்பெத்துவாவின் கட்டு மட்டும் அலமாரியில் கிடைக்காது. இருக்கும் ஒரே படியைப் பெரியம்மா மூன்று முறை புதுப்பித்து வீட்டிலேயே வைத்திருக்கிறார். பதிவேட்டில் அவருடைய கையெழுத்துக்கு எதிரே திருப்பித் தரும் தேதியை ஐயா எழுதாமல் விட்டு, இரண்டாவது படியைத் தட்டச்சு செய்யத் தொடங்கியிருக்கிறார்.