மதுரை–போடி ரயில்: இரண்டு வருடம் ஏறி இறங்கியதில்

சென்னையில் இருக்கும் நண்பன் போன வாரம் போனில் கேட்டான், "மாப்ள, அம்மாவ மதுரை கண் ஆஸ்பத்திரிக்கு ரயில்லதான கூட்டிட்டுப் போற?" இல்லடா, பஸ்ஸில்தான் என்றேன். அவனால் நம்பவே முடியவில்லை. ரயில் இல்லாத பதினோரு வருடமும் ரயில் ரயில் என்று புலம்பியவன் நான்தானே.

எனக்கு ஊர் தேனி. 2010 டிசம்பர் 31ஆம் தேதியோடு பழைய குறுகலான மீட்டர்கேஜ் பாதையில் ஓடிய வண்டியை நிறுத்தியபோது, அகலப்பாதை போட இரண்டு மூன்று வருடம் ஆகும் என்றுதான் நினைத்தோம். தேனிக்கு மறுபடி வண்டி வந்தது 2022 மே கடைசியில், போடிக்கு 2023 ஜூன் 15ல். இந்தப் பாதைக்கு இது புதுசும் இல்லை. 1928ல் திறந்ததை உலகப் போர் சமயத்தில் மூடி, தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பப் போட்டது ஐம்பதுகளில்தான். மூணாறு தேயிலை, மலை உச்சியில் இருக்கும் டாப் ஸ்டேஷன் என்ற இடத்திலிருந்து ரோப்வேயில் அடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கி போடிக்கு வந்த காலத்துப் பாதை, 90 கிலோமீட்டர்தான், அதற்கு இத்தனை பாடு.

ஆனால் பயணத்தைக் குறை சொல்லவே மாட்டேன். மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்தால் தேனிக்கு இரண்டு மணி நேரம், ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தான். அம்மாவுக்கு மூட்டுவலி, காலை நீட்டி உட்காரலாம், கழிப்பறை இருக்கிறது. உசிலம்பட்டி தாண்டி கணவாய்க்குள் வண்டி நுழையும்போது இரண்டு பக்கமும் மலை நெருங்கி வரும், காற்றே மாறிவிடும். எத்தனை தடவை போனாலும் அந்த இடத்தில் நான் போனை எடுப்பதில்லை. 2024 பிப்ரவரியில் பாசஞ்சர் வண்டிகளின் குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ரூபாயிலிருந்து பழையபடி 10 ஆக்கினார்கள், அதுவும் சந்தோஷம்தான்.

சரி, பிறகு எதற்குப் பஸ்? நேரம்தான். நான் போய்வந்த நாளெல்லாம் பாசஞ்சர் ஒரே ஒரு ஜோடி. காலை எட்டே காலுக்கு மேல் மதுரையில் கிளம்பி போடிக்கு வரும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தேனியைத் தாண்டி மதுரைக்குப் போகும். தேனிக்காரனுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். ஆஸ்பத்திரி, கோர்ட், கல்லூரி எல்லாமே எங்களுக்கு மதுரையில், காலையில் போய் சாயங்காலம் திரும்ப வேண்டும். வாரம் மூன்று நாள் வரும் சென்னை வண்டியாவது உதவுமா என்றால், அதுவும் காலையில் போடிக்கு வந்து ராத்திரிதான் கிளம்புகிறது. ஒருமுறை பிடிவாதமாக ரயிலிலேயே கூட்டிப் போனேன். முதல் நாள் சாயங்காலம் கிளம்பி அக்கா வீட்டில் தங்கி, மறுநாள் டாக்டரைப் பார்த்து, திரும்புகிற வண்டி அன்று காலையே போய்விட்டதால் இன்னொரு ராத்திரியும் தங்கினோம். பத்து நிமிஷப் பரிசோதனைக்கு இரண்டு ராத்திரி. காலை ஆறு மணிக்கு போடியிலிருந்து ஒரு வண்டி விடுங்கள் என்று இங்கே கேட்காத ஆள் இல்லை.

நீ லீவுக்கு வரும்போது கட்டாயம் இந்த ரயிலிலேயே வாடா, உனக்கு நேரமும் சரியாக இருக்கும். தேனியில் குடியிருப்பவர்கள் கேட்டால் மட்டும் இதை நம்பி எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றுதான் சொல்வேன். வருகிற செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு மறுபடி செக்கப். விடியற்காலை ஐந்தரை பஸ்.