புது ஊர், பழைய பைக்: யாரிடம் விடுவது?

பத்து ஆண்டுகள் ஒரே மெக்கானிக்கிடம் பைக்கை விட்டுப் பழகியவன் நான். ஊர் மாறிய முதல் மாதமே செயின் தளர்ந்து சத்தம் போட்டது. யாரிடம் போவதென்று தெரியவில்லை. அதன்பின் நான்கு வகை ஆட்களிடம் வண்டியை விட்டுப் பார்த்தேன்.

நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரை முதலில் சொல்லிவிடுகிறேன். வாரண்டி முடியாத வண்டி என்றால் அங்கேயே போங்கள். ஆனால் ஸ்பேனர் பிடிப்பவரோடு நம்மால் பேச முடிவதில்லை. முன்மேசையில் எழுதிக்கொள்வதுதான் உள்ளே போகிறது. "கிளட்ச் பிடிக்கும்போது மட்டும் ஒரு முனகல்" என்று நான் சொன்னது தாளில் "சத்தம்" என்று சுருங்கிவிட்டது. ஒவ்வொரு நடுக்கமும் நமக்கு அத்துபடியான பழைய வண்டிக்கு இது போதாது.

வீட்டுக்கே வந்து பார்ப்பவர், ஆயில், பேட்டரி மாற்ற நல்ல வசதி. முன்பக்க ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஃபோர்க் சீலை மாற்றுவது போன்ற வேலையை மட்டும் வாசலில் வைத்துச் செய்ய விடாதீர்கள்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்குள்தான்: பலர் வேலை செய்யும் தனியார் பட்டறை, ஒரே ஆள் நடத்தும் சிறு பட்டறை.

பெரிய பட்டறையில் வண்டி அன்றே கைக்கு வந்துவிடும். உதிரிபாகத்துக்கும் அலைய வேண்டியதில்லை. ஆனால் இன்று ஒரு கை, நாளை இன்னொரு கை. என் வண்டியின் ஆயில் டிரெயின் போல்ட்டை யாரோ அளவுக்கு மீறி முறுக்கியதில் மரை போய்விட்டது. யார் செய்தது என்று கேட்டேன். ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். ஒற்றை ஆளிடம் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும், அவருக்குக் காய்ச்சல் வந்தால் பட்டறையும் பூட்டிக் கிடக்கும். ஆனால் தவறு நடந்தால் யாரைக் கேட்பது என்ற குழப்பம் இல்லை.

இருவரிடமும் ஒரே புகாரைச் சொன்னேன்: டேப்பட் சத்தம் (இன்ஜின் வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளியில் எழும் 'டிக் டிக்') கேட்கிறது. பெரிய பட்டறையில், ஓடிவந்து நின்ற சூட்டோடே இன்ஜினைத் திறக்கப் போனார்கள். சிறு பட்டறைக்காரர் இன்ஜின் அருகே கையைக் கொண்டுபோனார். "ராத்திரி இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், ஆறட்டும்" என்றார். பெரும்பாலான பைக்குகளில் வால்வு இடைவெளியை இன்ஜின் முழுதும் ஆறியபின்தான் அளக்க வேண்டும். அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கையொட்டிய அளவு. ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத்தகட்டை நுழைத்துப் பார்க்காமல் காதை மட்டும் நம்பி அதைச் சரிசெய்ய முடியாது. சத்தம் அடங்கும்வரை இறுக்கிக் கொடுத்தால் அன்றைக்கு நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மிகவும் இறுகிய வால்வு தன் இருக்கையில் முழுதாக அமராது; சூடு இறங்க வழியில்லாமல் புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு கருகிப்போகும். லேசான 'டிக் டிக்' ஒலியைவிட அந்த அமைதிதான் ஆபத்தானது என்பதை அவரிடம்தான் கற்றேன்.

செயினையும் அவர் ஓரிடத்தில் மட்டும் பிடித்துப் பார்க்கவில்லை. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, அது மிக இறுக்கமாக இருந்த இடத்தில் தளர்வை அளந்தார். கழற்றிய பாகங்களைக் கேட்காமலே செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தார். பிரேக் பேடில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது, இப்போது மாற்ற வேண்டாம் என்றார்.

புது ஊருக்கு வந்தவர்கள் முதல் நாளே இன்ஜின் வேலையை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். ஆயில், செயின் போன்ற சிறு வேலையைக் கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள். அப்படி நிற்பதை விரும்பாத பட்டறைக்கு நான் மறுபடி போவதில்லை.

சில வாரங்களில், பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அதே சிறு பட்டறைக்குத்தான் போனேன். "இதன் கோளாறைப் படிக்கும் கருவி என்னிடம் இல்லை. சர்வீஸ் சென்டரில் காட்டிவிட்டு வாருங்கள்" என்றார். காட்டிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் கிளட்ச் வேலையை அவரிடமே கொடுத்தேன்.