பொதுத் திறவிக் குறியாக்கம்: கூட்டிய வேகமும் கொடுத்த விலையும்

சர்வர் பராமரிப்பில் பல ஆண்டுகளாக என்னை அதிகம் அலைக்கழித்தது, இணைப்பு தொடங்கும் கணத்தில் நடக்கும் பொதுத் திறவிக் கணக்குதான். எல்லோருக்கும் தரும் பொதுத் திறவி, நாமே மறைத்து வைக்கும் தனித் திறவி என்ற இணையை வைத்து நடப்பது அது. அதன்பின் போகும் தரவை, இரு பக்கமும் ஒரே இரகசியத் திறவியைப் பயன்படுத்தும் ஏஇஎஸ் குறியாக்கம் பார்த்துக்கொள்கிறது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கத்தை அடிப்படையாகக் கொண்ட ஆர்எஸ்ஏ முறையின் திறவியை 2048 பிட்டிலிருந்து 4096-க்கு மாற்றியதும் சர்வர் திணறியது. திறவியின் நீளம் இரட்டித்தால் தனித் திறவிக் கணக்கு ஏறத்தாழ எட்டு மடங்காகும் என்கிறது ஏடு. நடைமுறையும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை. தனித் திறவியால் இட்ட கையொப்பத்தைப் பொதுத் திறவியால் சரிபார்ப்பதோ மிக எளிது. பொதுத் திறவியில் உள்ள அடுக்கு எண் வழக்கமாக 65537 என்பதால் 16 முறை வர்க்கமாக்கி ஒருமுறை பெருக்கினால் போதும்.

கையொப்பமிடும் பக்கத்தில் கைகொடுப்பது சீன மீதித் தேற்றம். இரண்டு பகா எண்களுக்கும் தனித்தனியே கணக்கிட்டு இணைத்தால் வேகம் நான்கு மடங்கை நெருங்கும். ஆனால் வன்பொருள் கோளாறால் ஒரு பாதி மட்டும் பிசகினால், அந்த ஒரே கையொப்பத்தை வைத்து மீப்பெரு பொது வகுத்தி கண்டே பகா எண்ணைப் பிடித்துவிடலாம்; அதோடு தனித் திறவியும் வெளிப்பட்டுவிடும். போனே, டிமிலோ, லிப்டன் மூவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதைக் காட்டியது. கையொப்பத்தை வெளியே அனுப்பும் முன் பொதுத் திறவியால் ஒருமுறை சரிபார்த்துவிட்டால் ஆபத்து நீங்கும். வேகத்தைக் காரணம் காட்டி அந்தச் சோதனையை நீக்கிய நூலகத்தை நான் தொடவே மாட்டேன்.

பிறகு ஆர்எஸ்ஏவை விட்டு, பி-256 என்ற நீள்வட்ட வளைவின் மேல் இயங்கும் ஈசிடிஎஸ்ஏ கையொப்ப முறைக்கு வந்தேன். சர்வரின் சுமை கண்கூடாக இறங்கியது. ஆனால் இங்கே சரிபார்ப்பது ஆர்எஸ்ஏவைவிட மெதுவானது. அதனால், புதுப்பிப்புக் கோப்பின் கையொப்பத்தைச் சரிபார்ப்பதோடு வேலை முடியும் சிறு கருவிகளுக்கு ஆர்எஸ்ஏவையே விட்டுவைத்திருக்கிறேன். அங்கே கையொப்பமிடுவது எப்போதோ ஒருமுறைதான், தாமதமானால் ஆகட்டும். ஈசிடிஎஸ்ஏவில் இன்னொரு கவலையும் உண்டு: ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிய இரகசிய எண் வேண்டும். ஒரே எண் இருமுறை வந்தால் தனித் திறவியே வெளிப்பட்டுவிடும். பிளேஸ்டேஷன் 3-இன் தனித் திறவி 2010-இல் இப்படித்தான் சிக்கியது. அந்த எண்ணைத் திறவியிலிருந்தும் செய்தியிலிருந்தும் பெற்றுக்கொள்ளும் எட்25519 என்ற இன்னொரு நீள்வட்ட வளைவுக் கையொப்ப முறை எனக்கு மன நிம்மதி தருகிறது.

இந்த முறைகளை எதிர்காலத்தில் உடைக்கக்கூடிய குவாண்டம் கணினிகளை முன்னிட்டு, இப்போது இணைப்பின் இரகசியத் திறவியை உருவாக்க எக்ஸ்25519 என்ற நீள்வட்ட வளைவு முறையுடன், குவாண்டம் தாக்குதலைத் தாங்க வடிவமைத்த எம்எல்-கெம்-768-ஐச் சேர்த்து இயக்குகிறேன். கணக்கிடும் வேகம் அருமை, பருமன்தான் தொல்லை. எக்ஸ்25519-இன் பொதுத் திறவி 32 பைட், எம்எல்-கெம்-768-இனுடையது 1184 பைட். முதல் செய்தியே ஒரு பாக்கெட்டுக்குள் அடங்குவதில்லை. இடையில் இருந்த பழைய தீச்சுவர் ஒன்று இரண்டாவது பாக்கெட்டைப் புரிந்துகொள்ளாமல் இணைப்பையே துண்டித்தது. அதை மாற்றிய பிறகே அந்த வலையமைப்பில் புதிய முறையை இயக்கினேன்.