பைப்வயரா, பல்ஸ்ஆடியோவா, வெறும் ஆல்சாவா: லினக்ஸில் சத்தம் வராதபோது எதை மாற்றுவது?

லினக்ஸ் கணினியில் சத்தம் வரவில்லை என்றதும் பலர் சவுண்டு சர்வரை, அதாவது செயலிகளின் ஒலியைச் சேர்த்து ஒலி கார்டுக்கு அனுப்பும் மென்பொருளை, கழற்றி வேறொன்றை மாட்டிப் பார்க்கிறார்கள். பல்ஸ்ஆடியோவில் ஒலி இல்லையென்றால் பைப்வயர், பைப்வயரில் கரகரப்பென்றால் மறுபடி பல்ஸ்ஆடியோ. இரண்டும் உட்கார்ந்திருப்பது ஆல்சாவின் மேல். ஆல்சா என்பது லினக்ஸின் மையமான கெர்னலின் 2.6 பதிப்புக் காலத்திலிருந்து, அதாவது 2003 இறுதியிலிருந்து, கெர்னலுக்குள்ளேயே இருந்து ஒலி கார்டை இயக்கும் டிரைவர் அடுக்கு. அங்கே கோளாறு இருந்தால் மேலே எதை மாற்றினாலும் பயனில்லை.

அதனால் முதலில் டெர்மினலில் ‘ஏபிளே -எல்’ கொடுங்கள். பட்டியலில் உங்கள் கார்டு இல்லை, டெஸ்க்டாப்பின் ஒலி அமைப்பில் ‘டம்மி அவுட்புட்’ மட்டும் தெரிகிறது என்றால், சர்வரைத் தொடாதீர்கள். சமீபத்திய இன்டெல் லேப்டாப்களில் இதற்குப் பெரும்பாலும் காரணம் ‘சோஃப்’ ஃபர்ம்வேர் (ஒலிச் சில்லுக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) இல்லாததுதான். டெபியன் லினக்ஸில் ‘ஃபர்ம்வேர்-சோஃப்-சைன்டு’, ஆர்ச் லினக்ஸில் ‘சோஃப்-ஃபர்ம்வேர்’ என்ற பெயரில் கிடைக்கும்; நிறுவி மறுதொடக்கம் செய்யுங்கள். டிரைவர் அமைப்பில் ‘டிஎஸ்பி_டிரைவர்=1’ என்று போட்டுப் பழைய டிரைவருக்குத் திருப்பிவிடும் வழியும் உண்டு. சில கணினிகளில் ஸ்பீக்கர் பேசிவிடும், ஆனால் உள்ளே பொருத்திய டிஜிட்டல் மைக் போய்விடும். ஃபர்ம்வேர் போடுவதே சரியான மருந்து.

கார்டு தெரிகிறது, சத்தம்தான் இல்லை என்றால் ‘ஆல்சாமிக்ஸர்’ திறந்து எஃப்6 அழுத்தி உண்மையான கார்டைத் தேர்ந்தெடுங்கள். முதலில் காட்டுவது பல நேரம் சர்வரின் போலிக் கார்டு. அதில் ஒரே ஒரு ஒலியளவுப் பட்டைதான் இருக்கும், பூட்டியிருக்கும் சேனல் தெரியாது. பட்டைக்கடியில் ‘எம்எம்’ இருந்தால் அது ஊமையாக்கப்பட்டிருக்கிறது. எம் விசையை அழுத்தினால் திறக்கும். ஹெட்போன் செருகாதபோதும் ஸ்பீக்கர் ஊமையாக இருந்தால் ‘ஆட்டோ-மியூட்’ பட்டையை அணைத்துப் பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் சர்வர்களை ஒப்பிடுவதில் பொருள் உண்டு. இப்போது உங்களிடம் எது ஓடுகிறது என்று தெரிய ‘பிஏசிடிஎல் இன்ஃபோ’ போதும். சர்வர் பெயர் வரியில் ‘பல்ஸ்ஆடியோ’ என்பதோடு அடைப்புக்குறிக்குள் பைப்வயர் பதிப்பும் வந்தால், பல்ஸ்ஆடியோவின் மொழியில் பேசிக்கொண்டிருப்பது பைப்வயர்தான். இந்த ஒரு வரியைப் பார்க்காமல் வீணாகும் நேரம் கொஞ்சமல்ல.

ஏனென்றால் கரகரப்புக்கு இரண்டிலும் மருந்து வேறு. பல்ஸ்ஆடியோ 2007-இல் ஃபெடோரா 8 வழியாகவும் 2008-இல் உபுண்டு 8.04 வழியாகவும் இயல்பு சர்வராக வந்தது. கார்டு எந்த இடத்தை வாசித்துக்கொண்டிருக்கிறது என்பதை டைமர் வைத்துக் கணித்து, முன்கூட்டியே ஒலியை நிரப்பிவைப்பது அதன் வழி. டிரைவர் அந்த இடத்தைத் தவறாகச் சொன்னால் ஒலி உடையும். ‘டீஃபால்ட்.பிஏ’ கோப்பில் ‘மாட்யூல்-யூடெவ்-டிடெக்ட்’ வரியின் கடைசியில் ‘டிஷெட்=0’ சேர்த்து, ‘பல்ஸ்ஆடியோ -கே’ கொடுத்தால் டைமர் கணிப்பு நின்று, கார்டே அனுப்பும் சமிக்ஞையை (இன்டரப்ட்) நம்பி ஓடும். இயல்பான அளவுகளில் முன்கூட்டி நிரப்பும் ஒலி நான்கு துண்டு, ஒவ்வொன்றும் 25 மில்லிவினாடி. பாட்டுக்கும் படத்துக்கும் பரவாயில்லை. கீபோர்டு வாசிப்பவருக்கு அந்தத் தாமதம் தாங்காது.

இதே வரியைப் பைப்வயர் ஓடும் கணினியில் எழுதினால் ஒன்றும் நடக்காது. அது ‘டீஃபால்ட்.பிஏ’ கோப்பைப் படிப்பதே இல்லை. பைப்வயர் (விம் டேமன்ஸ் தொடங்கியது, 2021-இல் ஃபெடோரா 34, பிறகு உபுண்டு 22.10) இயல்பாக 48000 ஹெர்ட்ஸில் 1024 மாதிரிகளை ஒரு சுற்றாக எடுக்கும், ஏறக்குறைய 21 மில்லிவினாடி. ஏதாவது செயலி சிறிய சுற்று கேட்டால் எல்லோருக்கும் சேர்த்துக் குறைத்துவிடும். அந்த நேரத்துக்குள் வேலை முடியாவிட்டால் கரகரப்பு. ‘பிடபிள்யூ-டாப்’ ஓடவிட்டு ‘ஈஆர்ஆர்’ நிரலைப் பாருங்கள். பாட்டு ஓட ஓட எண் ஏறினால் நோய் இதுதான். ‘பிடபிள்யூ-மெட்டாடேட்டா -என் செட்டிங்ஸ் 0 கிளாக்.ஃபோர்ஸ்-குவாண்டம் 2048’ என்று கொடுத்தால் சுற்று 43 மில்லிவினாடி ஆகும். கடைசி எண்ணை 0 ஆக்கினால் பழையபடி. இது தற்காலிகம் என்பதால் அச்சமின்றிச் சோதிக்கலாம். மெய்நிகர் கணினியிலும் சில யூஎஸ்பி கார்டுகளிலும் சுற்றைப் பெரிதாக்குவதைவிட, பைப்வயருக்காகக் கார்டுகளை நிர்வகிக்கும் வயர்பிளம்பரின் அமைப்பில் அந்தக் கார்டுக்கு மட்டும் ‘ஏபிஐ.ஆல்சா.ஹெட்ரூம்’ மதிப்பை 1024 ஆக்குவது நல்லது.

ப்ளூடூத்தில் பெரிய வேறுபாடு இப்போது இல்லை. எல்டாக் என்ற உயர்தர ஒலிச்சுருக்க முறை (கோடெக்) பல்ஸ்ஆடியோவுக்குப் பதிப்பு 15-இல் வந்துவிட்டது. மைக்கைத் திறந்ததும் தரம் சரிவது, பாட்டு கேட்கும் ஏ2டிபி முறை ஒருவழிப் பாதை என்பதாலும் மைக்குக்கு வேறு முறைக்கு மாற வேண்டியிருப்பதாலும். சர்வரைக் குறை சொல்ல வேண்டாம். டெபியனில் பைப்வயர் இருந்தும் ஹெட்செட் இணையவில்லை என்றால் ‘லிப்ஸ்பா-0.2-ப்ளூடூத்’ தொகுப்பு விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒலிப்பதிவு செய்பவர்களுக்கு என் தீர்ப்பு ஐயமின்றிப் பைப்வயர். ஜாக் (ஒலிப்பதிவுக்கான தனி சவுண்டு சர்வர்) செயலிகளும் உலாவியும் ஒரே சர்வரில் ஓடும். பல்ஸ்ஆடியோவை நிறுத்திவிட்டு ஜாக்கைக் கிளப்பும் பழைய அவதி இல்லை. வேலண்ட் என்ற திரைக்காட்சி முறையில் திரைப்பகிர்வும் பைப்வயர் வழியேதான் போகிறது. ஆகவே ஒலிக்குப் பல்ஸ்ஆடியோதான் வேண்டும் என்றாலும் பைப்வயர் தொகுப்பையே நீக்கிவிடாதீர்கள். ‘பைப்வயர்-பல்ஸ்’ சேவையையும், செயலிகள் தட்டி அதை எழுப்பும் வாசலான சாக்கெட்டையும் மட்டும் அணையுங்கள். பல ஆண்டுகளாகச் சிக்கலின்றி ஓடும் பழைய கணினியில் பல்ஸ்ஆடியோவை மாற்றக் காரணமே இல்லை.

வெறும் ஆல்சா டெஸ்க்டாப்புக்கு ஒத்துவராது. ஃபயர்ஃபாக்ஸின் அதிகாரப்பூர்வப் பதிப்பு 2017-இல், பதிப்பு 52-இல், நேரடி ஆல்சாவைக் கைவிட்டது. ப்ளூடூத்துக்குத் தனி மென்பொருள் தேவை. ஆனால் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் எம்பிடி என்ற பாட்டு இயக்கி மட்டும் ஓடி, ஒரே டிஏசிக்கு (டிஜிட்டல் ஒலியை அனலாகாக்கும் கருவி)ப் பாட்டு அனுப்பும் பெட்டிக்கு இதைவிடச் சுத்தமான வழி கிடையாது. இடையில் யாரும் ஒலியின் மாதிரி வீதத்தை மாற்றி மறுமாதிரியாக்க மாட்டார்கள்.

மாறுவது என்று முடிவெடுத்தால் முழுதாக மாறுங்கள். இரண்டு சர்வரும் பாதிப் பாதியாக இருந்தால் ஒன்று கார்டைப் பிடித்துக்கொள்ள மற்றது ‘டம்மி அவுட்புட்’ காட்டும். டெபியன் 12-இல் ‘பைப்வயர்-ஆடியோ’ தொகுப்பு வேண்டியதையெல்லாம் கொண்டுவரும். பிறகு ‘சிஸ்டம்சிடிஎல் --யூசர் மாஸ்க்’ கொடுத்துப் பல்ஸ்ஆடியோவின் சர்வீஸ், சாக்கெட் இரண்டையும் மூடுங்கள். சாக்கெட்டை விட்டுவிட்டால் முதல் செயலி தட்டியதும் அது எழுந்து வந்துவிடும். இந்தக் கட்டளைகளுக்கு முன்னால் ‘சூடோ’ வேண்டாம். இவை உங்கள் பயனர் கணக்கின் சேவைகள். ‘சூடோ’ போட்டால் அது ரூட்டின் (நிர்வாகியின்) கணக்கில் தேடும்.